நெறம் பத்தல

எங்கள் வீட்டில் விடிகாலை நாலரைக்குக் கேத்தல் அடுப்பில் ஏறிவிடும். அம்மா தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து நின்று ஒன்பது வருஷமாகிறது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இல்லை, கூடை இல்லை, கொழுந்து நிறுக்க மடுவத்தில் வரிசை இல்லை. ஹப்புத்தளைப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தை விட்டுப் பண்டாரவளைக்கு என்னோடு வந்த பிறகும் அந்த நாலரை மட்டும் அவரோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

"எந்திரி புள்ள, தேத்தண்ணி ஆறுது." நாற்பத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் சுப்ரபாதம்.

போன வருஷம் கச்சான் காற்றுக் காலத்தில், தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ஆவர்த்தன அட்டவணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். திடீரென நெஞ்சுக்குள் பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்புப்பறை அடிக்கத் தொடங்கியது. நின்றது. மறுபடி அடித்தது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று பின்னேரமே டொக்டரிடம் போனோம், அம்மாவும் கூட. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார். பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீங்க?"

"நாலைந்து இருக்கும்."

பக்கத்துக் கதிரையிலிருந்து அம்மா சொன்னார்: "ஒம்போது."

ஊற்றிக் கொடுக்கிற கைக்குத்தானே கணக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் சுமார் 45 மில்லிகிராம் கஃபீன். ஒன்பது கோப்பைக்கு 405. நல்ல சுகமுள்ள ஒரு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் சொல்லியிருக்கிறது. எல்லையை ஐந்து மில்லிகிராமால்தான் தாண்டியிருக்கிறேன் என்று ஆறுதல்பட முடியவில்லை. அந்த 45 சாதாரணக் கோப்பைக்கு. அம்மா ஊற்றுவது டஸ்ட். அவ்வளவு நுண்ணிய தூள் கொதிநீர் பட்டதும் உள்ளதையெல்லாம் இறக்கிவிடும், போதாததற்குக் கேத்தலிலேயே போட்டுக் கொதிக்கவிடுவது எங்கள் லயத்துப் பழக்கம். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாக அம்மா முப்பத்தைந்து வருஷம் கிள்ளிய அந்தக் கொழுந்தில்தான் செடி கஃபீனை அதிகம் சேர்த்து வைக்கிறது. முற்றிய இலையைப் பூச்சி சுலபமாகத் தின்னாது. இளசுக்குத்தான் காவல் வேண்டும். பூச்சிக்கு வைத்த நஞ்சைத்தான் நாம் சீனி போட்டுக் குடிக்கிறோம்.

சரி, நிறுத்துவோம் என்று ஒரேயடியாக நிறுத்தினேன். அது முட்டாள்தனம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டும். மறுநாள் பின்னேரம் கண்ணுக்குப் பின்னால் தொடங்கிய தலையிடி மூன்று நாள் இருந்தது. பிள்ளைகள் கதிரையை இழுக்கும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. அந்த மூன்று நாளில்தான், படிப்பிப்பதை விட்டுவிட்டு நானே படிக்கத் தொடங்கினேன்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்கான வாங்கிகளில் போய் ஒட்டும்போது "போதும், படு" என்ற செய்தி கிடைக்கிறது. கஃபீனின் உருவம் அதே வாங்கியில் பொருந்தும், ஆனால் செய்தி சொல்லாது. சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சம்பளத்தன்று வட்டிக்காரன் வரும்போது லயத்து வாசலில் யாராவது நின்று பேச்சுக் கொடுப்பார்களே, அதுபோல. கடன் அப்படியேதான் இருக்கும், கதவு தட்டும் சத்தம் மட்டும் உள்ளே கேட்காது. இப்படி நாள்தோறும் மறித்தால் உடம்பு இன்னும் கதவுகளை வைக்கிறது, அதாவது வாங்கிகளைக் கூட்டுகிறது. தேத்தண்ணியைத் திடீரென நிறுத்தினால் எல்லாக் கதவிலும் ஒரேயடியாகத் தட்டுகிறார்கள். கஃபீன் இறுக்கி வைத்திருந்த மூளைக் குருதிக் குழாய்களும் விரிகின்றன. அதுதான் அந்தத் தலையிடி. இரண்டு நாளிலும் போகலாம், ஒன்பது நாள் வரையும் இழுக்கலாம். எனக்கு மூன்றோடு விட்டது.

குடித்த கஃபீனில் பாதியை ஈரல் வெளியேற்றச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கிறது. இரவு ஏழு மணிக்கு அம்மா தரும் கடைசிக் கோப்பையில் பாதி நள்ளிரவிலும் எனக்குள் விழித்திருந்திருக்கிறது. பத்து வருஷமாக "எனக்குத் தூக்கம் குறைவு, அது பரம்பரை" என்று சொல்லித் திரிந்தவள் நான்.

தலையிடி போனது, ஏக்கம் போகவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் காலை எப்படித் தொடங்குவது? கஃபீனுக்குப் பதிலாக இயற்கையான, செடியிலிருந்து வரும் ஏதாவது இருக்குமா என்று போனில் தேடினேன். ஏகப்பட்டது வந்தது. குவாரானா விதை, யெர்பா மாட்டே இலை, கோலாக் கொட்டை. எல்லாவற்றுக்கும் கீழே "இயற்கை" என்று பச்சை எழுத்து. மூன்றிலும் இருப்பது கஃபீன்தான். குவாரானா விதையில் கோப்பிக் கொட்டையை விட அதிகம். இதைவிடப் பெரிய வேடிக்கை, கஃபீனே இயற்கையான செடிப்பொருள்தான். அதை யாரும் தொழிற்சாலையில் கண்டுபிடிக்கவில்லை. 1819 இல் ஜெர்மன் கவிஞர் கேத்தே கொடுத்த கோப்பிக் கொட்டைகளை எடுத்துப்போய் ருங்கே என்ற இளம் வேதியியலாளர் பிரித்தெடுத்தார். 1827 இல் தேயிலையில் வேறொன்று கிடைத்ததாக நினைத்து 'தெயின்' என்று பேர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றே.

இங்கே எனக்குள் இருக்கும் டீச்சர் கொஞ்சம் பேச வேண்டும். தேயிலையும் கோப்பியும் உறவுக்காரச் செடிகள் அல்ல. கஃபீன் ஆக்கும் வேலையை ஒன்றிடமிருந்து ஒன்று படித்ததும் இல்லை. தனித்தனி நொதியங்களை வைத்துத் தனித்தனியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வேறு வேறு மண்டபத்தில் பரீட்சை எழுதிய இரண்டு பிள்ளைகள் வேறு வேறு படிமுறையில் ஒரே விடைக்கு வந்ததுபோல. திருத்துகிறவளுக்கு அப்படியொரு விடைத்தாள் கையில் வந்தால், விடை சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பூமியில் இத்தனை செடிகள் இருக்க, மனிதன் ஊர் ஊராகத் தேடி விழிப்புக்காகக் குடித்ததெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே பொருளைத்தான். இதில் சேராமல் எழுப்புகிற செடிகளும் உண்டு, எபெட்ரா, காட் போல. அவை இருதயத்தைத் துரத்துகிற வகை. ஏற்கெனவே தப்பு அடிக்கிறவளுக்கு அது எதற்கு?

கஃபீன் இல்லாத கோப்பி இனம் ஒன்றைக் கமரூன் காட்டில் கண்டு 2008 இல் பேர் வைத்திருக்கிறார்கள். சீனத்தின் குவாங்டொங்கில் ஒரு வகைத் தேயிலைச் செடி கஃபீனுக்குப் பதிலாகத் தியோபுரோமினைச் சேர்க்கிறது. அதுதான் கொக்கோவில் இருப்பது, எழுப்பும் வேகம் குறைவு. படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. பிறகுதான் மண்டையில் உறைத்தது. கஃபீன் இல்லாத கோப்பி என்பது கோப்பிக்குத்தான் மாற்று, கஃபீனுக்கு அல்ல. நான் இரண்டு பொருளை ஒரே பேரில் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்று என்னை எழுப்புகிற சாமான். மற்றது நாலரைக்குக் கையில் சுடுகிற சாமான். முதலாவதை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். இரண்டாவதைச் செய்யலாமே.

இந்த மலைக்கும் மாற்றுப் பயிர் புதிதல்ல. தேயிலைக்கு முன் இங்கே கோப்பிதான். 1869 இல் இலையில் செம்மஞ்சள் துரு விழுந்தது, அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பிக் காலம் முடிந்தது. நடுவில் சிங்கோனா நட்டார்கள், மலேரியாவுக்குக் கொயினா எடுக்கிற மரம். ஹக்கலைத் தோட்டம் 1861 இல் தொடங்கியதே அதற்குத்தான். எல்லாரும் நட்டதும் விலை விழுந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் போட்ட தேயிலைதான் கடைசியில் மலையெல்லாம் ஏறியது. செடி மாற மாற, காடு வெட்டவும் நடவும் பறிக்கவும் வந்த சனம் மட்டும் மாறவில்லை. லயத்துக் கோடிப்புறங்களில் இன்னும் ஒன்றிரண்டு கோப்பி மரம் நிற்கிறது. யாருக்கோ கொடுத்த வாக்குப்போல வருஷம் தவறாமல் பூக்கிறது.

என்னுடைய ஆராய்ச்சிக்கூடம் அடுப்படி. பழைய பால்மா டின்களைக் கழுவி ஒன்று, இரண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.

முதல் டின்னில் ரணவரா. சந்தையில் சிங்களப் பேரில் வாங்கிப் பழகிய அந்த மஞ்சள் பூ ஆவாரம்பூ என்பதே எனக்குப் பிந்தித்தான் தெரியும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று அம்மாயி சொன்ன ஆவாரை வறண்ட நாட்டுச் செடி, எங்கள் குளிருக்கு வராது. நிறம் அழகு. குடித்தால் வெந்நீரில் பூ விழுந்த மாதிரி இருந்தது. பெலிமல், அதாவது வில்வம்பூ, அதைவிட மேல். பொல்பலா எனப்படும் சிறுபூளையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். ஏதோ ஒரு நோய்க்கு எழுதிக்கொடுத்ததைக் குடிக்கிற உணர்வை இதெல்லாம் தந்தது. அம்மாவின் தீர்ப்பும் அதுவே: "இது மருந்து புள்ள. தேத்தண்ணி எங்க?"

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீ மேக்கருக்குக் கீழே வேலை பார்த்த மாமா ஒருவர் வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நாக்கப் புடிக்கல" என்றார். அந்த ஒரு சொல்லில் ஒரு பாடமே இருந்தது. தேயிலை சுவைப்பவர்கள் 'பிரிஸ்க்' என்று சொல்லும் அந்தப் பிடிப்பு துவர்ப்பினால் மட்டும் வருவதில்லை. இலை ஒட்சியேறும்போது உண்டாகும் தியாபிளேவின்களோடு கஃபீன் கைகோக்கும்போது வருகிறது. நல்ல தேயிலைச் சாயம் ஆறினால் மேலே மங்கலாகிக் கலங்கும், பார்த்திருப்பீர்கள். கெட்டுப்போனதால் அல்ல, அந்த இரண்டும் சேர்ந்து நீரிலிருந்து பிரிவதால். கஃபீன் எடுத்த தேயிலை சப்பென்று இருப்பதற்கும் இதுதான் ஒரு காரணம். என்னை எழுப்புகிறதும் நாக்கைப் பிடிக்கிறதும் வேறு வேறு என்று நான் பிரித்து வைத்திருந்தேன். கோப்பைக்குள் அவை அவ்வளவு சுலபமாகப் பிரியவில்லை.

ரோசம் வந்து, அடுத்த டின்னுக்குக் கொய்யா இலையைப் பறித்து ஸ்டோரில் செய்வதையெல்லாம் செய்தேன். பரணில் பேப்பர் விரித்து ஒரு இரவு வாடவிட்டேன். சப்பாத்திப் பலகையில் உருட்டினேன். ஈரத்துணி மூடி மூன்று மணித்தியாலம் ஒட்சியேற விட்டேன். இரும்புச் சட்டியில் காய வைத்தேன். வீடு முழுக்க ஏதோ நடக்கப்போகிற வாசனை. ஊற்றிப் பார்த்தால் நனைந்த சாக்கு. எந்த இலையையும் உருட்டினால் தேயிலை ஆகிவிடாது. அதற்குள் தேயிலையில் இருக்கிற கட்டக்கீன் வகைத் துவர்ப்புப் பொருள்கள் இருக்க வேண்டும், அவற்றைப் பிடிக்கிற நொதியமும் இருக்க வேண்டும். தரம் பத்துப் பாடத்தை ஒரு கொய்யா மரத்தை மொட்டையடித்துப் படித்தேன்.

இலையை விட்டு வறுவலுக்கு மாறினேன். மாச்சத்தும் புரதமும் சூட்டில் சேர்ந்து கருகும்போது வரும் கசப்பும் மணமும் கோப்பியில் பாதி. சிக்கரி வேரை வறுத்துக் கோப்பியில் கலக்கிறவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். பலாக்கொட்டை மாவாய்க் கலங்கியது. கொத்தமல்லி தனியே போட்டால் காய்ச்சல்காரன் தண்ணி. ஆனால் குரக்கன், அதுதான் கேழ்வரகு! வெறும் சட்டியில் சிறு நெருப்பில், வெடிப்புச் சத்தம் ஓயும் மட்டும் வறுத்து, அதில் நாலில் ஒரு பங்கு கொத்தமல்லியும் ஒரு துண்டு சுக்கும் தட்டிப் போட்டு, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடித்தேன். ரொட்டி சுடும் மணம். கித்துள் கருப்பட்டி ஒரு கடி, ஒரு மிடறு. ஆறாவது டின்னில் முதல்முறையாக ஒரு கோப்பையைக் கடைசிவரை குடித்தேன்.

அம்மா பாதியில் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. நெறம் பத்தல."

இந்த நேரத்தில்தான் அம்மாவின் விஷயம் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஈமோகுளோபின் 9. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அம்மாவுக்குக் களைப்புக்கு ஒரே மருந்துதான். மேல் வலித்தால் தேத்தண்ணி, தலை சுற்றினால் தேத்தண்ணி, மலையில் மழையில் நனைந்தால் தேத்தண்ணி. மத்தியானம் ரொட்டியும் சம்பலும், கூடவே போத்தலில் சாயம். ரொட்டியில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் அந்தச் சாயம் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்வது கஃபீன் அல்ல, துவர்ப்புப் பொருள்கள். கஃபீன் எடுத்த தேயிலையும் இதைச் செய்யும். களைப்புக்குக் குடித்தது களைப்புக்கு உரம் போட்டிருக்கிறது, அதே கோப்பையில் இருந்த கஃபீன் அந்தக் களைப்பு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டது. இவ்வளவு பொருத்தமான கூட்டாளிகளை நான் அரசியலில்கூடக் கண்டதில்லை.

தாதி கொடுத்த இரும்பு மாத்திரை பெரசு சல்பேற்று. நாட்டு மருந்துக் கடைப் பேர் அன்னபேதி. அந்தக் காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டுத்தான் எழுதும் மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அம்மா மாத்திரையை விழுங்கியது சாயத் தேத்தண்ணியோடு. வயிற்றுக்குள் மை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளி ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்து ஒவ்வொரு டின்னிலிருந்தும் கொஞ்சம் ஊற்றி, இரண்டு துளி பெரிக்குளோரைட்டு என்ற இரும்புக் கரைசல் விட்டேன். தேயிலை நொடியில் மையானது. கொய்யா இலையும் அப்படியே. ரணவராவும் கறுத்தது. பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துகிற செடியல்லவா. நான் உடம்புக்கு நல்லதென்று செய்த மாற்றுகளில் பாதி இந்த விஷயத்தில் தேயிலைக்குப் பங்காளிகள். ஆறாம் டின் லேசாக மங்கியது. குரக்கன் தோலிலும் கொஞ்சம் துவர்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மை இல்லை. அன்றிலிருந்து மாத்திரை தேசிக்காய்த் தண்ணியோடு, தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து என்று வீட்டில் சட்டம் போட்டேன். அம்மா சட்டத்தை எதிர்க்கவில்லை. மணிக்கூட்டை மட்டும் முறைத்தார்.

ஏழாவது டின்னில் குரக்கனை இன்னும் ஒரு பதம் கூட வறுத்தேன். முதல் கிழமை அதே ருசி. இரண்டாம் கிழமை ஏதோ சேர்ந்து வந்தது. நிறம் இறங்கியது, நாக்கைப் பிடித்தது. அம்மா முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு, "இப்பத்தான் புள்ள சரியா வந்திருக்கு" என்றார். வைத்திருக்க வைத்திருக்க வறுவல் பழுத்து ருசி கூடுகிறது என்று கொப்பியில் எழுதி வைத்தேன். அதைவிடப் பெரிய ஆச்சரியம், எனக்கு உற்சாகமாக இருந்தது. தவணைப் பரீட்சைத் தாள்களை இரவு பதினொன்றரை வரை திருத்தினேன், கொட்டாவி இல்லை. கஃபீனும் இல்லாமல் இருதயத்தையும் துரத்தாமல் எழுப்புகிற செடி இல்லையென்று நானே முடிவு கட்டியிருந்தேனே, ஒருவேளை குரக்கனும் சுக்கும் சேர்ந்து ஏதாவது? மனசு செய்கிற மாயமும் இருக்கலாம் என்று ஒரு குரல் சொன்னது. அதை உட்கார வைத்தேன்.

கூடப் படிப்பிக்கிற டீச்சரின் தம்பி எல்ல ஊரில் வெள்ளைக்காரர் தங்கும் சின்ன விடுதி நடத்துகிறார். குடித்துப் பார்த்துப் பத்துப் பக்கெட் கேட்டார். அச்சுக்கூடத்தில் லேபிளும் அடித்தாகிவிட்டது, மஞ்சளில் பச்சை எழுத்து: மலைநாட்டுக் குரக்கன் பானம், கஃபீன் அற்றது. ஏழாவது டின்னை மாதிரி வைத்து அந்தக் கிழமையே வறுத்துப் பெரிய வாளியில் நிரப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை இரவு, படுக்கையில், நெஞ்சுக்குள் தப்பு.

வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் போத்தலில் ஏழாவது டின் தண்ணியை ஊற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இரண்டு துளி பெரிக்குளோரைட்டு. குழாய் மையாய்க் கறுத்தது. இன்னொரு குழாயை எடுத்து மறுபடி விட்டேன். மறுபடியும் மை. அதில் பேனையைத் தோய்த்து லீவு லெட்டர் எழுதியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டின்னைத் திறந்து முன்னால் வைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குரக்கன் பொடிக்கு நடுவே பளபளவென்று கறுப்புத் தூள்.

"அம்மா, இதுல தேயிலை போட்டீங்களா?"

அவர் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நெறம் பத்தல புள்ள. கழனித்தண்ணி மாதிரி இருந்துச்சு. நீயும் பாவம், எத்தன நாளா வறுத்துக்கிட்டு கெடக்குற. அதான் ரெண்டு கரண்டி போட்டேன்."

"ரெண்டு தேக்கரண்டியா?"

"சோத்துக் கரண்டி."

"அந்தப் பெரிய வாளியில?"

"அதுலயுந்தான். விக்கிற சாமான், நெறம் இல்லாட்டி எவன் வாங்குவான்?"

லேபிள் கட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கோடிக்குப் போகத் திரும்பியபோது அம்மா எழும்பி வந்து அதன் பிடியைப் பிடித்தார்.

"கொட்டிறாத. நான் குடிக்கிறேன்."

"இப்பதானே மாத்திரை போட்டீங்க?"

"ஆமா."

"ஒரு மணித்தியாலம் போகட்டும்."

அம்மா வாளியை என்னிடமிருந்து வாங்கி, சுவர் மணிக்கூடு தெரிகிற பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.